கண்ணாடிக் கீறலுக்கு ஆள் வைத்த அனுபவம்: முதலில் வந்தவரும் பிறகு வந்தவரும்

பெயிண்ட் வேலை முடிந்த மறுநாள், ஜன்னல்களிலும் பால்கனிக் கதவிலும் தெறித்திருந்த பெயிண்ட் புள்ளிகளைச் சுரண்டிச் சுத்தம் செய்ய ஒருவர் வந்தார். கையில் பிளேடு மாட்டிய ஒரு கைப்பிடி, ஒரு பழைய துணி, அவ்வளவுதான். சுவருக்குப் பட்டி பார்த்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தூசியெல்லாம் கண்ணாடி மேல் அப்படியே படிந்திருந்தது. அதைக் கழுவாமல், தண்ணீர்கூடத் தெளிக்காமல், மேலிருந்து கீழாகச் சரக் சரக்கென்று இழுத்தார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டது, நானும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த நாள் காலை வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் பார்த்தேன், பால்கனிக் கதவு முழுக்க மேலிருந்து கீழாக நூல் நூலாகக் கீறல். எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்கு.

அம்மா வழக்கமாக அந்தக் கதவு ஓரம்தான் உட்கார்வார். அன்றைக்குக் கண்ணாடியை விரலால் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, முடி ஒட்டியிருக்கா? வரவே மாட்டேங்குதே" என்றார். முடி இல்லை, கீறல் என்று சொன்ன பிறகும் இன்னொரு தடவை துடைத்துப் பார்த்தார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எப்படியாவது சரி செய்துவிட வேண்டும் என்று ஆரம்பித்தது அன்றுதான்.

முதலில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். பற்பசை. ஈரத் துணியில் எடுத்து வட்ட வட்டமாகத் தேய்த்தால் கீறல் போய்விடும் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். தேய்த்ததும் போனது மாதிரிதான் இருந்தது, ஆனால் அது கீறலுக்குள் பசை போய் அடைத்துக்கொண்டதால் வந்த தோற்றம். தண்ணீர் விட்டுக் கழுவியதும் ஒவ்வொன்றும் திரும்பி வந்தது. கண்ணாடியில் கீறல் என்றால் அங்கே கண்ணாடியே இல்லை என்று அர்த்தம், பள்ளம். அந்தப் பள்ளத்தைத் தூர்க்க முடியாது, சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடிவரை இறக்கித்தான் ஆக வேண்டும். இது புரிந்திருந்தால் நான் அடுத்த தவறைச் செய்திருக்க மாட்டேன்.

அடுத்த தவறு, கீறல் எடுக்க முதலில் வந்தவரை வேலைக்கு வைத்தது. போனில் எதுவும் கேட்கவில்லை, "கீறல்தானே, எடுத்துரலாம்" என்றார், மறுநாளே வந்துவிட்டார். படுக்கை அறை ஜன்னலில் கொஞ்சம் அழுத்தமான கீறல் ஒன்று இருந்தது, அதை முதலில் எடுத்துக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தார். டிரில் மிஷினில் ஒரு சின்ன வட்ட பேட் மாட்டி, கீறல் மேலேயே வைத்து, அந்தக் கோட்டின் மேலேயே முன்னும் பின்னும் ஓட்டினார். தண்ணீர் எப்போதாவது இரண்டு சொட்டுதான். பதினைந்து நிமிடத்தில் கீறல் போய்விட்டது, உண்மையாகவே போய்விட்டது, நகத்தால் தேடினால்கூடக் கிடைக்கவில்லை. நான் மகிழ்ச்சியோடு நிமிர்ந்து வெளியே பார்த்தேன். எதிரே இருந்த விளக்குக் கம்பம் அந்த இடத்தில் மட்டும் வளைந்து தெரிந்தது. தலையை அசைத்தால் கம்பம் பாம்பு மாதிரி நெளிந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "கிட்ட நின்னு பார்த்தா அப்படித்தான் இருக்கும், பழகிரும்" என்றார்.

பழகவில்லை. கீறலையாவது கண் கொஞ்ச நாளில் ஒதுக்கிவிடும், வளைந்து தெரியும் உலகத்தைக் கண் ஒதுக்குவதே இல்லை. கதவைத் தொட வேண்டாம் என்று சொல்லி, செய்த வேலைக்குக் கூலி கொடுத்து அனுப்பினேன். அந்த ஜன்னலில் நடந்தது என்ன என்று பிறகு வந்தவர்தான் விளக்கினார்: கோட்டின் மேலேயே தேய்த்தால் அங்கே ஒரு குழி விழும், குழி விழுந்த கண்ணாடி லென்ஸ் மாதிரி வேலை செய்யும். இன்றைக்கு வீடுகளில் இருக்கும் கண்ணாடி பெரும்பாலும் ஃபுளோட் முறையில் செய்தது, அதாவது உருகிய தகரத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டு, தானாகவே சமமாகப் பரவவிட்டு எடுப்பது. பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் இந்த முறையை அறிவித்தது. அதற்கு முன்பெல்லாம் நல்ல தட்டைக் கண்ணாடி வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் இயந்திரத்தில் தேய்த்துப் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு சமமாகக் கிடந்த பரப்பில் ஒருவர் கையில் மிஷினைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் பள்ளம் தோண்டினால் கண் அதைக் கண்டுபிடிக்காமல் இருக்குமா?

சரி, இரண்டாவது ஆள். இந்தப் பதிவே அவருடைய வேலையைப் பற்றித்தான்.

இவரோடு பேசிய முதல் பேச்சே வேறு மாதிரி இருந்தது. நான்தான் போன் செய்தேன், ஆனால் கேள்விகள் எல்லாம் அவரிடமிருந்து. கீறல் உள்பக்கமா வெளிப்பக்கமா, நகத்தை குறுக்கே ஓட்டினால் மாட்டுகிறதா, கண்ணாடி மேல் ஃபிலிம் ஒட்டியிருக்கிறதா, மூலையில் சின்னதாக ஏதாவது முத்திரை இருக்கிறதா, எதனால் கீறல் விழுந்தது. பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், வெளிச்சத்துக்கு எதிராக எடுத்தால் எல்லாமே கீறல் மாதிரித் தெரியும் என்றார். படங்களைப் பார்த்துவிட்டு, "நேர்ல பார்க்காம எதுவும் சொல்ல மாட்டேன் மேடம், சிலது வரும், சிலது வராது" என்றார். முதல் ஆளின் "எடுத்துரலாம்" கேட்டு ஏமாந்திருந்த எனக்கு, இந்த "வராது" என்ற சொல்லே பெரிய ஆறுதலாக இருந்தது.

வந்ததும் மிஷினை வெளியே எடுக்கவே இல்லை. கதவை நன்றாகக் கழுவினார், இரண்டு முறை. கழுவியதிலேயே நான் கீறல் என்று காட்டிய சில கோடுகள் காணாமல் போயின, அவை சிலிக்கான் பசை இழுபட்ட தடங்களாம். கீழ்ப்பகுதியில் மங்கலாக இருந்தது உப்புத் தண்ணீர்க் கறை, அதுவும் கீறல் இல்லை. மிச்சம் நின்றவை மட்டும்தான் உண்மையான கீறல்கள். பிறகு ஒரு சின்ன டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே போனார். மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு கீறலையும் சுற்றி வட்டம் போட்டார், ஆனால் கீறல் இருக்கும் பக்கத்தில் இல்லை, மறுபக்கத்தில். வேலை நடக்கும்போது அழியாமல் இருக்கத்தான் அப்படி என்று சொன்னதும், அட, இது எனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது. நகத்தால் ஒவ்வொன்றையும் குறுக்கே வருடினார். நகம் வழுக்கிக்கொண்டு போனால் ஒரு புள்ளி, மாட்டினால் இரண்டு புள்ளி என்று குறித்துக்கொண்டார். என்னையும் வருடிப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரிந்த பல கீறல்களில் நகம் மாட்டவே இல்லை, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத ஒன்றில் டக்கென்று நின்றது.

பிளேடு எப்படிக் கண்ணாடியைக் கீறியது என்று கேட்டேன். பிளேடை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம் என்றார். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி சுமார் 5.5, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. பிளேடுக்கு அடியில் ஒரே ஒரு மணல் துணுக்கு சிக்கினால் போதும், பிளேடு அதைக் கண்ணாடி முழுக்க இழுத்துக்கொண்டு போகும். டஃபன்டு கண்ணாடியில், அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துப் பலமாக்கிய கண்ணாடியில், இன்னொரு தொல்லையும் உண்டு, தயாரிக்கும்போதே பொடிக் கண்ணாடித் துகள் மேலே ஒட்டி வெந்திருக்கலாம், பிளேடு அதைப் பெயர்த்து இழுத்தால் அதுவே கோடு போட்டுவிடும். கட்டட வேலை முடிந்த வீடுகளில் தான் பார்க்கும் கீறல்களில் பாதிக்கு மேல் இப்படி உலர்ந்த கண்ணாடியைச் சுரண்டியதால் வந்தவைதான் என்று வருத்தத்தோடு சொன்னார். கழுவிவிட்டு, சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு எடுத்திருந்தால் எனக்கு இவ்வளவு செலவும் அலைச்சலும் இருந்திருக்காது.

பார்த்து முடித்த பிறகு மூன்று இடங்களை வேண்டாம் என்று ஒதுக்கினார். நான் அவரை நம்ப ஆரம்பித்தது அங்கேதான். ஒன்று, ஏற்கெனவே வளைந்துபோன அந்தப் படுக்கை அறை ஜன்னல். குழியைச் சுற்றிலும் இறக்கினால் வளைவு பரவுமே தவிரப் போகாது, கண்ணாடியை மாற்றுங்கள் என்றார். இரண்டாவது, குளியலறை முகக்கண்ணாடியில் நான் காட்டிய கோடு. அதில் ஒரு காகிதத்தின் முனையை வைத்துக் காட்டினார், நுனிக்கும் கோட்டுக்கும் நடுவில் கண்ணாடியின் கனம் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. கீறல் பின்னால் இருக்கும் ரசத்தில், முன்னால் எவ்வளவு தேய்த்தாலும் பயன் இல்லை. மூன்றாவது, கதவுக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கும் பெரிய கண்ணாடியில் இரும்பு ஏணி உரசிய கீறல். ஓரத்துக்கு மிக அருகில், நகம் நன்றாகவே மாட்டுகிற ஆழம். மூலையில் இருந்த முத்திரையைக் காட்டி, இது டஃபன்டு என்றார்.

டஃபன்டு கண்ணாடியைச் சுமார் 620 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, வேகமாகக் காற்றடித்துக் குளிர்விக்கிறார்கள். வெளிப்பரப்பு முதலில் இறுகிவிடும், உள்ளே இருப்பது பிறகு மெல்ல ஆறிச் சுருங்கும்போது வெளிப்பரப்பை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் கனத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வரை அந்த அழுத்தம் இருக்கும், அதுதான் அதன் பலம். அந்த அடுக்கைத் தாண்டி உள்ளே போனால் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும், அதனால்தான் டஃபன்டு ஆன பிறகு அதை வெட்டவோ துளை போடவோ முடியாது. கதவில் இருந்த நூல் கீறல்களை எடுக்கத் தலைமுடி கனம்கூடத் தேய்க்க வேண்டியதில்லை, அதனால் ஆபத்து இல்லை. ஏணிக் கீறலுக்கு அப்படி இல்லை, ஏற்கெனவே ஆழம், மேலே சூடும் அழுத்தமும், அதுவும் ஓரத்தில். "எனக்குக் கூலி வரும், ஆனா உங்களுக்குக் கண்ணாடி இருக்காது" என்றார். நான் வற்புறுத்தவில்லை.

இப்போது வேலை. கதவுச் சட்டத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப், தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, சுவருக்கும் ஒரு தாள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பாலிஷ் மிஷின். நகம் மாட்டாத கீறல்களுக்கு நேராகவே ஃபெல்ட் பேடும் (அழுத்திய கம்பளித் துணி பேட்) சீரியம் ஆக்சைடு என்ற பாலிஷ் தூளும்தான். மாட்டியவற்றுக்கு முதலில் கொரகொரப்பான தட்டு, பிறகு அதைவிட நைஸ், அதற்குப் பிறகு ஃபெல்ட். முதல் தட்டைப் போட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கீறல் இருந்தது ஒரு விரல் நீளம், அவர் தேய்த்த இடமோ ஒரு முழம், அந்த இடம் முழுக்க வெள்ளை வெளேரென்று, பனி படிந்த மாதிரி, வெளியே எதுவுமே தெரியவில்லை. இருந்த கீறலே பரவாயில்லை என்று அந்த நிமிடம் நினைத்தேன். அகலமாகத் தேய்ப்பதுதான் இந்த வேலையின் உயிர் என்றார், நடுவில் கொஞ்சம் அதிகம், ஓரம் போகப் போகக் குறைத்து, எங்கே ஆரம்பித்தது எங்கே முடிந்தது என்று தெரியாதபடி இழைத்துக்கொண்டே போக வேண்டும்.

சீரியம் ஆக்சைடு லேசான ரோஜா நிறத்தில் ஒரு நைஸான தூள். தண்ணீரில் கலக்கி, வெள்ளையடிக்கக் கரைத்த சுண்ணாம்பு பதத்தில் வைத்துக்கொண்டார். இது வெறுமனே சுரண்டுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கும் சிலிக்காவோடு வேதிவினையும் புரிகிறது, அதனால்தான் தேய்த்த தடம் தெரியாமல் பளபளப்பு வருகிறது. லென்ஸ்களுக்குப் பாலிஷ் போடுவதும் இதே தூளால்தான். முன்பு அந்த வேலைக்கு இரும்பு ஆக்சைடு, சிவப்புத் தூள், பயன்படுத்தினார்கள். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பனிபோல் இருந்த இடம் உடனே தெளியவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒன்றும் தெரியவில்லை. பிறகு நடுவில் ஒரு நாணயம் அளவுக்குச் சாம்பல் நிறமாக மாறியது, அதற்குள் எதிர் வீட்டுச் சுவர் மங்கலாகத் தெரிந்தது, அது மெல்லப் பெரிதாகிக்கொண்டே போனது.

இதற்கிடையில் அவர் ஓயாமல் செய்துகொண்டிருந்த காரியம் ஒன்று உண்டு. ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் மிஷினை எடுத்துவிட்டு, புறங்கையைக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்போமே, அதே மாதிரி. கொஞ்சம் சூடு ஏறியிருந்தால் நிறுத்திவிடுவார், தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு வேறொரு கீறலுக்குப் போய்விடுவார். கண்ணாடி சூட்டைச் சீக்கிரம் கடத்தாது, ஒரே இடம் சூடாகி விரியும், பக்கத்து இடம் விரியாமல் நிற்கும், அந்த இழுபறியிலேயே விரிசல் விட்டுவிடும். முதல் ஆள் இரண்டு சொட்டுத் தண்ணீரோடு ஓட்டியதை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது.

காலையில் தொடங்கி, ஒரு கதவுக்கு நாலரை மணி நேரம் ஆனது. முடித்த பிறகு கண்ணாடியைக் கழுவித் துடைத்துவிட்டு, "நீங்க பாருங்க, நான் காட்ட மாட்டேன்" என்று தள்ளி நின்றார். மூன்றடி தள்ளி நின்று எதிர் வீட்டு ஜன்னல் கம்பிகளைப் பார்த்துக்கொண்டே தலையை இடமும் வலமும் அசைக்கச் சொன்னார், கம்பி நேராக ஓடினால் வேலை சரி, எங்காவது நெளிந்தால் சொல்லுங்கள் என்றார். அசைத்தேன், குனிந்தும் பார்த்தேன், நெளியவில்லை. ஆழமான கீறல் இருந்த ஓர் இடத்தில் மட்டும், தெரிந்து தேடினால், மிக லேசான ஓர் அலை. அதை அவரே முன்கூட்டிச் சொல்லியிருந்தார்.

குறைகளும் சொல்ல வேண்டும். வருகிறேன் என்ற நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம், போன் செய்து சொல்லவும் இல்லை. மிஷின் சத்தம் காதைத் துளைக்கிறது, அம்மாவைப் பக்கத்து வீட்டில் உட்கார வைக்க வேண்டியிருந்தது, இதை முன்பே சொல்லியிருக்கலாம். அதோடு, மறுநாள் காலை சாய்ந்த வெயிலில் கதவின் வலது பக்கம் ஓர் இடத்தில் புகை படிந்த மாதிரி மங்கல் தெரிந்தது. வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் எவ்வளவு பார்த்தாலும் அது தெரியாது, வெயிலில்தான் தெரியும், அதனால் யாரை வைத்து வேலை செய்தாலும் மறுநாள் வெயிலில் பார்த்துவிட்டுத்தான் மீதிக் கூலி என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நான் அப்படிப் பேசவில்லை, ஆனாலும் நான் படம் அனுப்பிய அன்று மாலையே இவர் வந்து, ஃபெல்ட் மட்டும் போட்டு இருபது நிமிடத்தில் தெளிய வைத்தார். தனியாகக் காசு கேட்கவில்லை.

வந்தவரிடம் கார் முன்கண்ணாடியில் வைப்பர் போட்ட அரைவட்டக் கீறலையும் காட்டினேன். ஓட்டுபவர் பார்வை படும் இடத்தில் தொட மாட்டேன் என்றார். அங்கே கொஞ்சம் வளைவு வந்தாலும் இரவில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் சிதறும், பகலில் தூரம் தவறாகத் தெரியும். கல் பட்டு விழும் சின்னப் பொட்டை ரெசின் ஏற்றி, புறஊதா ஒளியில் இறுக வைத்து அடைப்பது தனி வேலை, அதற்கும் கீறல் எடுப்பதற்கும் சம்பந்தம் இல்லை, இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆள் தேடாதீர்கள். போன் திரையைப் பற்றி நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு அவரே, அதை யாரிடமும் தேய்க்கக் கொடுக்காதீர்கள் என்றார், மேலே இருக்கும் பூச்சு முதல் தேய்ப்பிலேயே போய்விடுமாம். வெப்பம் தடுக்கும் பூச்சு, எதிரொளிப்பு தடுக்கும் பூச்சு எதுவாக இருந்தாலும், பூச்சுள்ள பக்கத்தைத் தேய்த்தால் இதே கதிதான்.

செலவு விஷயத்தில் என் கணக்கு இது: சின்ன ஜன்னல் கண்ணாடி என்றால் மாற்றிவிடுங்கள், ஒருவர் அரை நாள் நின்று தேய்க்கும் கூலிக்குப் புதுக் கண்ணாடியே வந்துவிடும். கழற்றுவதே பெரும்பாடாக இருக்கும் பெரிய கண்ணாடி, சட்டத்தோடு சேர்த்து உடைத்து எடுக்க வேண்டியது, அல்லது டஃபன்டு ஆகையால் அளவு கொடுத்துக் காத்திருந்து வாங்க வேண்டியது, இதற்கெல்லாம் இந்த வேலை நிச்சயம் மதிப்புள்ளது. கீறலின் நீளத்தை வைத்துக் கூலி சொல்பவரைவிட ஆழத்தைப் பார்த்துச் சொல்பவரை நம்பலாம். எந்த இடத்தில் செய்ய மாட்டீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் சின்னக் கீறல் ஒன்றை முதலில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், நல்ல வேலைக்காரர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

வேலை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அந்த அரை குறைவது கதவு ஓடும் தடத்துக்காக. டேப் ஒட்டியும் அந்தத் தூள் கலந்த தண்ணீர் உள்ளே இறங்கிக் காய்ந்து கெட்டியாகிவிட்டது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் வெந்நீரும் வைத்து நான்தான் மூன்று நாள் உட்கார்ந்து எடுத்தேன், இப்போது கதவு தடையில்லாமல் ஓடுகிறது.